ஆதாரம் நுழையாத வார்டு: புதிய இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சில யோசனைகள்

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள், சிஸ்டர். மருந்து அலமாரிச் சாவி இனி உங்கள் இடுப்பில். இண்டெண்ட் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து. டியூட்டி லிஸ்ட் போடும் அதிகாரமும் அதனால் வரும் மனஸ்தாபங்களும் உங்களுடையவை. அதையெல்லாம் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். நான் எழுத வந்தது வேறொரு தொல்லையைப் பற்றி.

ஒரு நாள் காலை ஹேண்ட் ஓவர் முடிந்த கையோடு, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போனில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வருவாள். "சிஸ்டர், நாம ஏன் இதை இப்படிப் பண்றோம்? இதுல வேற மாதிரி போட்டிருக்காங்களே" என்பாள். அப்போது கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும். அவள் பிடிவாதமாக இன்னும் நாலு கட்டுரை தேடிக்கொண்டு வருவாள். "நல்ல விஷயம்மா, அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அடுத்த மீட்டிங்கில் தீபாவளி லீவு பற்றிப் பேசுங்கள்.

காலம் நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பாலாஸ், போரன் என்று இருவர் 2000-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். மருத்துவ ஆய்வுகளில் கண்டறிந்தவற்றில் 14 சதவீதம் நோயாளிக்குப் பயன்படும் நிலைக்கு வந்துசேர 17 ஆண்டு ஆகிறதாம். மீதி 86 சதவீதம் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொள்கிறது. ஆகவே நீங்கள் எதிர்த்துப் போராட வேண்டியதுகூட இல்லை. கொஞ்சம் தாமதப்படுத்தினால் போதும், ரிடையர்மெண்ட் வந்துவிடும்.

முதுகிலிருந்து தொடங்குவோம். விடியற்காலையில் பேக் கேர் கொடுக்கிறோம் அல்லவா? உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி, முதுகெலும்பின் அடிப்பக்கம் நன்றாகத் தேய்த்து, மேலே பவுடர் தூவி, போர்வையை இழுத்துவிட்டால் வார்டே கமகமக்கும். பக்கத்தில் நிற்கும் அட்டெண்டர் முகத்தில் ஒரு நிறைவு வரும். "சிஸ்டர் நல்லா பாத்துக்கறாங்க" என்று ஊருக்குப் போன் போகும். இதற்கு ஈடான விளம்பரம் கிடையாது.

டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேய நர்ஸ், லண்டனில் முதியோர் வார்டுகளில் உட்கார்ந்து இதைத்தான் ஆராய்ந்தார். 1962-ல் அது புத்தகமாக வந்தது. தோலின் மேல் எதைத் தேய்த்தோம் என்பதில் ஒன்றுமில்லை, அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பதுதான் படுக்கைப்புண்ணைத் தடுக்கிறது என்று அவருடைய குழு கண்டது. அதற்குப் பிறகு வந்த வழிகாட்டி நெறிகள் இன்னும் ஒரு படி மேலே போய், படுக்கைப்புண்ணைத் தடுக்கிறோம் என்று சொல்லித் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சிவந்த இடத்தில் கண்டிப்பாகக் கூடாது என்கின்றன. அடியில் ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் திசுவை நாம் மேலும் நசுக்குகிறோமாம். ஸ்பிரிட் தோலை உலர்த்தி விடுகிறதாம். சொல்லிவிட்டுப் போகட்டும். 1962-லிருந்து எண்ணினால் பாலாஸ்–போரன் கணக்கை மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிட்டோம். பவுடர் டப்பா இன்னும் டிராலியின் மேல் தட்டில்தான் இருக்கிறது. இது நம்முடைய தனிப்பட்ட சாதனை.

குதிகாலுக்கு வருவோம். கிளவுஸில் தண்ணீர் நிரப்பி, வாயை முடிச்சுப் போட்டு, குதிகாலுக்கு அடியில் வைக்கிறோம். செலவில்லாத ஏற்பாடு, பார்க்கவும் பலூன் மாதிரி இருக்கும், குழந்தைகள் வார்டில் சிரிப்பார்கள். பிட்டத்துக்குக் காற்று வளையம். படுக்கைப்புண் தடுப்பதற்கான சர்வதேச நெறிகளில் 'இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தண்ணீர் கிளவுஸ், வளையம், சலைன் பை எல்லாம் அதில் உண்டு. யாரோ நம் வார்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருக்கும். வளையம் நடுவில் அழுத்தத்தைக் குறைத்து விளிம்பில் கூட்டுகிறது. தண்ணீர்ப் பை கனத்தைப் பரப்பாமல் ஒரு சிறிய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. அவர்கள் சொல்லும் மாற்று என்ன தெரியுமா? ஒரு தலையணையைக் கெண்டைக்கால் நெடுக வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யவேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அதற்குத் தலையணை வேண்டும். இண்டெண்ட் போட்டால் ஸ்டோர்ஸிலிருந்து 'நில்' என்று சிவப்பு மையில் திரும்பி வரும். கிளவுஸ் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஆய்வு எழுதுகிறவர்கள் ஸ்டோர்ஸ் கிளார்க்கை ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

புரட்டிப் படுக்க வைப்பதற்கு ஒரு சார்ட் உண்டு. இரண்டு மணிக்கொரு தடவை இடது, வலது, மல்லாக்க. இதை நிரப்பும் முறையை ஜூனியர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். டியூட்டிக்கு வந்தவுடன் 8, 10, 12, 2 என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டால் ஒரே பேனா, ஒரே சாய்வு, பார்த்ததும் தெரிந்துவிடும். இரண்டு பேனா வைத்துக்கொள்ளட்டும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் 12.10 என்று போட்டால் நம்பகத்தன்மை கூடும். நோயாளி மதியம் எக்ஸ்ரேவுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தபோதும் சார்ட்டில் அவர் இடதுபுறம் திரும்பிப் படுத்திருப்பார். அதை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2013-ல் வெளியானது. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தை இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை புரட்டினாலும், மூன்று, நான்கு மணிக்கொருமுறை புரட்டினாலும் புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. அதாவது ஆதாரம் சில சமயம் வேலையைக் குறைக்கவும் செய்யும். இது வெளியே தெரிந்தால் ஆபத்து. ஆதாரம் என்றாலே கூடுதல் வேலை, கூடுதல் ரெஜிஸ்டர் என்று ஜூனியர்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரைதான் நமக்கு நிம்மதி. 'ஃபோம் மெத்தைக்கு எங்கே போறது?' என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

பிரேடன் ஸ்கேல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு தலைப்பு, 6-லிருந்து 23 வரை மதிப்பெண், 18-உம் அதற்குக் கீழும் என்றால் புண் வரும் அபாயம். எல்லோருக்கும் 20 போடுங்கள். 16 போட்டால், போட்டவர் ஏதாவது செய்தாக வேண்டும்.

இருபது என்றதும் மூச்சு நினைவுக்கு வருகிறது. எந்த வார்டுக்குப் போனாலும் டிபிஆர் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஏறும், இறங்கும். நாடி ஆளுக்கு ஆள் மாறும். மூச்சு மட்டும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு 20. நிமோனியா தாத்தாவுக்கும் 20. ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்களுக்கு அதன் நுட்பம் புரியவில்லை. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்வதற்கு. அதில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 ஆகிவிட்டால் 2. இருபத்தைந்தைத் தொட்டால் 3. அந்த ஒன்றுக்காகவே டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஆக, யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 20. அந்த மதிப்பெண் முறை பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம்மவர்கள் அந்த எல்லைக்கோட்டைச் சரியாகக் கண்டுபிடித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

உண்மையில் எண்ணுவதென்றால் ஒரு நிமிஷம் முழுக்க நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், அதுவும் நோயாளிக்குத் தெரியாமல். நாற்பது பேர் இருக்கும் வார்டில் அதுவே நாற்பது நிமிஷம். உடம்பு கெடும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியாயிற்று.

மூக்குக் குழாய் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சிரிஞ்சால் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெத் வைத்து, 'குர்' என்று கேட்டால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்கிறோம். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே 'குர்' கேட்கும். அதனால்தான் 2005-லேயே பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு அந்த முறையை விடச் சொல்லிவிட்டது. குழாயிலிருந்து உறிஞ்சிய திரவத்தை பி.ஹெச். தாளில் தொட்டு, 5.5-உம் அதற்குக் கீழும் இருக்கிறதா பாருங்கள் என்றது. பி.ஹெச். தாள் ஸ்டாக் இல்லை. காற்று இலவசம்.

மருந்து ஏற்ற நரம்பில் குத்திவைக்கும் வென்ஃப்ளான் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் காத்திருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆதாரமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மூன்று நாளானால் மாற்றியாக வேண்டும் என்பது நாம் படித்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்ட் என்ற நர்சிங் பேராசிரியரின் குழு 3,283 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பகுதியினருக்கு நாள் கணக்கு வைத்து மாற்றினார்கள்; மற்றவர்களுக்கு வலி, வீக்கம், சிவப்பு என்று காரணம் இருந்தால் மட்டும் மாற்றினார்கள். நரம்பு வீங்கியது இரண்டு பக்கமும் ஒரே 7 சதவீதம். 2012-ல் லான்செட்டில் வந்தது. தேவையில்லாமல் குத்துவது எத்தனை மிச்சம் என்று உலகமே மகிழ்ந்தது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018-ல் அந்த முறைக்கு மாறின. மாறியபின் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவது கூடியது. 2019-ல் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்த இரண்டையும் நீங்கள் ஒருசேர வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜூனியர் குவீன்ஸ்லாந்தைச் சொன்னால் நீங்கள் ஜெனீவாவைச் சொல்லுங்கள். இன்னொருத்தி ஜெனீவாவோடு வந்தால் குவீன்ஸ்லாந்தை எடுங்கள். "பாத்தியாம்மா, அவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல" என்று முடியுங்கள். ஜெனீவாக்காரர்கள் தங்கள் தவறை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் யாரையும் யோசிக்க விடக்கூடாது. அவர்கள் தொடர்ந்து எண்ணினார்கள், மாற்றத்துக்கு முன்பும் எண்ணியிருந்தார்கள், எண்ணியதை நம்பினார்கள். நம் வார்டில் போன வருஷம் எத்தனை பேருக்கு ஊசி போட்ட இடம் வீங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பேப்பரும் கிடையாது. ஆகையால் நாம் எந்தப் பக்கம் மாறினாலும் நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதைவிடப் பாதுகாப்பான நிலை உண்டா?

ஆய்வை அடியோடு எதிர்ப்பவர் என்ற பெயர் உங்களுக்கு வரக்கூடாது. அதற்கு எம்.எஸ்ஸி. நர்சிங் மாணவிகள் இருக்கிறார்கள். வருஷா வருஷம் வருவார்கள், கையில் அனுமதிக் கடிதத்தோடு. தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியரிடையே இன்னது குறித்த அறிவின்மீது கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் விளைவை மதிப்பிடுதல். 'இன்னது' மட்டும் மாறும். கை கழுவுதல், படுக்கைப்புண், மருந்துப் பிழை என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அறுபது நர்சுகள் வேண்டும் என்பாள். மதிய டியூட்டியில் கொஞ்சம் ஓய்வாக இருப்பவர்களை அனுப்புங்கள். முதல் நாள் ஒரு வினாத்தாள். அதே நாள் ஃபிளாஷ் கார்டு வைத்து வகுப்பு. ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள். ஒரே கேள்விகளை இரண்டாம் முறை எழுதினால் யாருக்குத்தான் மார்க் கூடாது? பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கும். கற்பித்தல் பயனளித்தது என்று முடிவு எழுதப்படும். இதுவரை பயனளிக்காத கற்பித்தல் திட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்த அறுபது பேர் அதற்குப் பிறகு கை கழுவினார்களா, நோயாளிக்குப் புண் குறைந்ததா என்று அந்த ஆய்வில் இருக்காது. அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. அவளுக்குக் கொடுத்த அவகாசம் நாலு வாரம், கைடு சொன்னது அறுபது சாம்பிள், வார்டில் எதையும் மாற்ற அவளுக்கு அதிகாரமும் இல்லை. கறுப்பு ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்து பொறித்து, கல்யாண ஆல்பம்போல் ஒருமுறை எல்லோரும் புரட்டிப் பார்த்தபின், அது நூலகக் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். முடிவு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அவள் ஒரு பிரதியை வார்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

கை கழுவுவதை அளப்பது தனிக் கலை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்கள் சொல்லியிருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான சிகிச்சைச் செயலுக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியிருக்கும் பொருளைத் தொட்ட பின். போஸ்டராக ஒட்டிவிடுங்கள், வாஷ்பேசினுக்கு மேலே, குழாய் ஒழுகாத பக்கமாக. தணிக்கைக்கு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ் பேடும் பேனாவுமாக வருவார். வருகிற நாள், நேரம் இரண்டையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வாசலில் தெரிந்ததும் வார்டே கை தேய்க்கும். நம் கணக்கு 98 சதவீதம்.

முன்னே சொன்ன அதே ஜெனீவாவில், டிடியே பித்தே என்ற டாக்டரின் குழு தொண்ணூறுகளில் ஊரறிய ஒரு இயக்கமே நடத்தியது. படுக்கைக்குப் படுக்கை கைத் திரவம் வைத்தார்கள், நிர்வாகத்தைக் கூட நிற்க வைத்தார்கள். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997-ல் 66 ஆயிற்று. அதற்கே மருத்துவமனையில் தொற்றும் நோய் 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. உலகமே பின்பற்றிய அந்தச் சாதனை அறுபத்தாறு! நாம் போன மாதம் 98. ஆனால் நம் தொற்று விகிதம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் லேப் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இனி விளைவுகளை அளக்கும் விஷயம். அவேதிஸ் டொனபேதியன் என்ற பேராசிரியர் 1966-ல் சிகிச்சையின் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். என்னென்ன இருக்கிறது என்ற அமைப்பு, என்னென்ன செய்கிறோம் என்ற செயல், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்ற விளைவு. முதல் இரண்டில் நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. எத்தனை போஸ்டர் ஒட்டினோம், எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினோம், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று கோப்பு கோப்பாகக் காட்டலாம். தரச் சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். ஆய்வாளர்கள் வந்தால் அவர்கள் முன் அடுக்கிவைக்க இவை போதும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் அவர்கள் மூன்றாவதையும் கேட்பார்கள். ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள்?

கணக்கு எளிது. முப்பது படுக்கை முப்பது நாள் நிறைந்திருந்தால் 900 நோயாளி நாட்கள். மூன்று பேர் விழுந்தால், மூன்றை 900-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 3.3. இதைக் குறைக்க இரண்டு வழி உண்டு. கட்டிலின் உயரத்தைக் குறைப்பது, பாத்ரூம் வழியில் இரவு விளக்குப் போடுவது, டையூரடிக் மாத்திரை கொடுத்த பாட்டியை அவர் எழுவதற்கு முன் நாமே போய்க் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு நீண்ட வழி. 'விழுந்தார்' என்று எழுதாமல் இருப்பது குறுக்கு வழி. 'கட்டிலிலிருந்து வழுக்கி அமர்ந்தார்', 'தரையில் உட்கார்ந்த நிலையில் காணப்பட்டார்', 'பாத்ரூமில் சமநிலை தவறினார், அட்டெண்டர் பிடித்துக்கொண்டார்' என்றெல்லாம் எழுதலாம். தன்னை அறியாமல் தரைக்கோ தாழ்ந்த மட்டத்துக்கோ வந்துசேர்ந்தாலே விழுந்த கணக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் என்ன? கேஸ் ஷீட்டை எழுதுவது நாம்.

பூஜ்யத்தை நிரந்தரமாக்க ஒரு மெமோ போதும். ஜூனியர் ஒருத்தி நேர்மையாக இன்சிடெண்ட் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தால், மறுநாளே விளக்கம் கேட்டு எழுதுங்கள். 'நோயாளி விழும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' இரவு டியூட்டியில் தனியாக இருந்தவள் அந்த நேரம் வேறொரு படுக்கையில் ரத்தம் ஏற்றிக்கொண்டு இருந்திருப்பாள். அதை எழுதி, மன்னிப்பும் கேட்பாள். அந்த மெமோவை மற்றவர்கள் படிக்கும்படி மேசைமேல் விட்டுவைத்தால் அடுத்த மாதத்திலிருந்து ஒருவரும் விழமாட்டார்கள். மருந்துப் பிழைகளும் அதே மாதம் நின்றுவிடும். ஒரே காகிதத்தில் இத்தனை தர முன்னேற்றம் வேறெந்த நாட்டிலும் சாத்தியமில்லை.

படுக்கைப்புண்ணுக்கு 'வீட்டிலிருந்தே வந்தது' என்ற வாசகம் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: அட்மிஷன் அன்று யாரும் நோயாளியைத் திருப்பி முதுகைப் பார்க்கக்கூடாது. பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டால் பிறகு வருவதெல்லாம் நம் கணக்கில் ஏறிவிடும்.

மே 12-ஐ விட்டுவிடக்கூடாது. கேக், மெழுகுவர்த்தி, உறுதிமொழி, குரூப் போட்டோ. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கோடு இருக்கும் படத்தை மட்டும் மாட்டுங்கள். அவர் 1858-ல் வரைந்த வட்டப்படம் ஒன்று உண்டு. கிரிமியப் போரில் சிப்பாய்கள் எதனால் செத்தார்கள் என்று மாதவாரியாக நிறம் தீட்டிக் காட்டுவது. அதை மாட்டிவிடாதீர்கள். ஸ்குட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் அனுமதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். அப்போது விளக்கும் இருந்தது, நைட்டிங்கேலும் இருந்தார். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைக் கழுவி, காற்றோட்டம் செய்தபின் கோடைக்குள் அது இரண்டு சதவீத அளவுக்கு இறங்கியது. ஊர் திரும்பிய பிறகு அவர் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து, தான் இருந்த மருத்துவமனையின் சாவுகளையே எண்ணி, அச்சடித்து, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவர்தான். இன்றைக்கு அவர் நம் வார்டில் வேலை செய்தால் அவருக்கு எத்தனை மெமோ போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நல்ல வேளையாக அவர் பெயரில் நாம் எடுக்கும் உறுதிமொழி அவர் எழுதியதல்ல. 1893-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்சிங் பள்ளி ஒன்றில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் தயாரானது. அதில் தூய்மை உண்டு, ரகசியம் காப்பது உண்டு, டாக்டருக்கு விசுவாசமாக உதவுவது உண்டு. எண்ணுவது பற்றி ஒரு வரி கிடையாது. சத்தமாகவே படிக்கலாம்.

டாக்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. செக்லிஸ்ட் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டர் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐ.சி.யூ.க்களில் அதைச் செய்து பார்த்தார். மத்திய ரத்தக்குழாயில் லைன் போடும்போது கை கழுவு, முழுத் துணி விரி, குளோரெக்சிடின் தடவு, முடிந்தவரை தொடையில் போடாதே, வேண்டாத லைனை எடுத்துவிடு. ஐந்தே வரி. ஆயிரம் லைன் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் நடுமதிப்பு மூன்று மாதத்தில் பூஜ்யம் ஆயிற்று. 2006-ல் வெளியானது. அந்த ஐந்து வரியை நீங்கள் தாராளமாக அச்சடித்து லேமினேட் செய்யுங்கள். அதோடு சேர்ந்து வரும் ஆறாவது விஷயத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்: டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் அவள் பக்கம் நிற்கும் என்பது. இரவு இரண்டு மணிக்கு, முப்பத்தாறு மணி நேரமாகத் தூங்காத பி.ஜி. டாக்டரிடம் நம் பெண் "சார், துணி சின்னதா இருக்கு சார்" என்று இரண்டு 'சார்' போட்டுச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். காலையில் அவளுக்காக யார் பேசுவது? லைன் போட்டு முடித்தபின் ஐந்து கட்டத்திலும் டிக் போட்டுக் கோப்பில் சேர்ப்பதே எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக, யாரும் உங்கள் மேசைக்குக் கொண்டுவராத ஒரு ஆய்வு இருக்கிறது. லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2002-ல் எழுதியது. ஒரு நர்சின் கையில் ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் முடிந்தவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நான்கு பேர் எட்டுப் பேரானால் 31 சதவீதம். 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 வந்தது. கை கழுவு, சார்ட் எழுது, ஸ்கேல் போடு என்று நர்சுகளை நோக்கி வரும் ஆதாரங்களுக்கெல்லாம் சர்க்குலர் உண்டு, பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. நிர்வாகத்தை நோக்கிப் போகவேண்டிய இந்த ஒன்றுக்குச் சர்க்குலர் இல்லை. அந்த ஆய்வு நாலிலிருந்து எட்டு வரைக்கும்தான் பேசியது. இரவில் ஒரு நர்சுக்கு நாற்பது பேர் என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட அவர்களிடம் அப்படியொரு ஆஸ்பத்திரி இல்லை. நம்மிடம் இருக்கிறது; நாம் எண்ணவில்லை. இதைப் பற்றி நீங்கள் மீட்டிங்கில் வாய் திறக்காத வரை உங்களை நல்ல நிர்வாகி என்பார்கள்.

இவ்வளவு செய்தும், எல்லா வார்டிலும் ஒருத்தி முளைப்பாள். டிபிஆர் சார்ட்டின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, எந்தப் படுக்கையில் யாருக்குக் குதிகால் சிவந்திருக்கிறது, எத்தனை நாளில் ஆறியது என்று குறித்துக்கொண்டிருப்பாள். வீட்டிலிருந்து பழைய தலையணை இரண்டு கொண்டுவந்திருப்பாள். மூச்சை எண்ணி 26 என்று எழுதிவிட்டு, டாக்டர் வரும்வரை போனை விடமாட்டாள். திட்டினால் அழமாட்டாள், அடுத்த மாதத்துக் கோட்டைப் போடுவாள். அவளைத் திருத்த முயலவேண்டாம். கருவிகளைக் கிருமிநீக்கும் சி.எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிவிடுங்கள், அங்கே நோயாளி இல்லை, கட்டும் பாக்கெட்டும்தான். ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுக்காமல் வெளியே வரும் பாக்கெட்டுகளை அவள் அங்கே எண்ண ஆரம்பித்தால் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள். லினன் செக்‌ஷனில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். தலையணைகள் அங்கேதான் இருக்கின்றனவாம், அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.